எலி கடித்த கேபிள்

கோத்தா திங்கி ஆற்றங்கரைப் பெருமக்களே, பெருச்சாளிகளே, ஒரு முக்கிய அறிவிப்பு! எட்டு மாதமாகக் கண்மூடிக் கிடந்த மீன்காட்டிக் கருவி நேற்று மாலை ஐந்து மணிக்கு என் கைவண்ணத்தால் கண் திறந்தது. ஜொகூரிலேயே இப்படியொரு கைவேலை கிடையாது. கைதட்டியவர்களுக்கு நன்றி, உட்காரலாம்.

நீ மட்டும் கைதட்டவில்லை. ஈயம் உருகிய வாசம் இன்னும் என் விரலில் இருக்கிறது. அதை முகர்ந்துகொண்டேதான் உனக்கு எழுதுகிறேன்.

அந்தக் கருவியை உன் அப்பாவின் படகில் மாட்டிய அன்று நீ செய்த அலட்டல் கொஞ்சமா? பின்பலகைக்குக் கீழே தண்ணீருக்குள் அதன் கண். அங்கிருந்து திரை வரைக்கும் ஒரு கறுப்புக் கேபிள். "ஆத்துல எங்க மீன் இருக்குன்னு எல்லாம் காட்டும்டா. உன் மூளை இருக்கிற இடம்தான் காட்டாது," என்றாய். "அது ரொம்ப ஆழத்துல இருக்குலா," என்றேன்.

மறுவாரமே திரை இருண்டது. இருக்கைக்கு அடியில் கேபிள் இரண்டாகக் கிடந்தது.

"அலமாக்! எலிடா. பல்லு எவ்வளவு கூர்மை பாரு, பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்த எலி!" என்றேன்.

நீ அந்த வெட்டை வெகுநேரம் பார்த்தாய். பிறகு, "ஆமாலா, எலிதான்," என்றாய்.

அன்றே படகில் எலிக்கூண்டு வைத்தாய். மூன்று வாரம், தினமும் என்னிடமே வந்து கேட்டாய்: "இன்னைக்கு என்ன கருவாடு வைக்கலாம், சொல்லு? எலிக்கு என்னடா பிடிக்கும்?" நானும் பேராசிரியர் மாதிரி ஆலோசனை சொன்னேன். கேபிளை ஒட்டலாமே என்றால், "மொதல்ல எலி மாட்டட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒட்டலாம்," என்பாய்.

பிறகு சிங்கப்பூர் வேலை, மோட்டார் சைக்கிள், மழை பெய்த ஒரு காலை, ஸ்கூடாய் சாலையில் லாரி. உன்னை ஊதாரி என்றவர்களெல்லாம் வீட்டுக்கு வந்து "தங்கமான பையன்" என்றார்கள். கம்பியை என்னிடம் விட்டுவிட்டு, கம்பி நீட்டியவன் நீ.

போன வாரம் உன் அப்பா கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை அவன் சித்தப்பா வந்து படகை எடுத்துட்டுப் போறாரு தம்பி. அதுக்குள்ள அந்த மெஷினை ஒருதடவை ஓடவிட்டுப் பாத்துடணும். அவன் ஆசையா வாங்கினது."

நேற்று கேபிளின் உள்கம்பிகளை நிறத்துக்கு நிறம் சேர்த்துப் பற்றவைத்தேன். முடித்த பிறகுதான், மேலே மூட வேண்டிய ரப்பர் குழாயை முதலிலேயே கோத்திருக்க வேண்டும் என்று உறைத்தது. பிரித்தேன். இரண்டாம் தடவை, கேபிளுக்குள் சுற்றியிருந்த வெறும் கம்பி வலை உள்கம்பியைத் தொட்டுவிட்டது. திரை முழுக்க மீன்! உன் அப்பா குனிந்து பார்த்தார். "அடேயப்பா, இவ்வளவு மீனா?" உன் சாவுக்குப் பிறகு அவர் பல்லை நேற்றுதான் பார்த்தேன்.

"பொய் மீன், அங்கிள்," என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாம் தடவை சரியாக வந்தது. ஆற்றின் அடித்தரை ஒரு கோடாகத் தெரிந்தது. மீன் ஒன்றுகூட இல்லை.

நான் நறுக்கிப்போட்ட பழைய நுனியை உன் அப்பா எடுத்துத் திருப்பினார். "எலி கடிச்சா பிஞ்சு பிஞ்சுதான் இருக்கும். இது ஒரே வெட்டு. அவன் அன்னைக்கே சொன்னான். 'கத்திப்பா. என் கூட்டாளி வேலைதான். அவனே வந்து சொல்லுவான், பாருங்க'ன்னு சிரிச்சான்."

தெரிந்துகொண்டேவா தினமும் கருவாடு கேட்டாய், பாவி? ஓர் அறை விட்டிருந்தால் அன்றே முடிந்திருக்குமே! விளையாட்டுக்கு உன்னை ஏமாற்றத்தான் கேபிளைக் கழற்றி ஒளித்துவைக்கப் பார்த்தேன். அதைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்த கத்தி வழுக்கிவிட்டது. அவ்வளவுதான். சொல்லத்தான் வாய் வரவில்லை.

மேலே பீற்றிக்கொண்டேனே, அந்தக் கைதான் வெட்டியதும். நேற்றும் உன் அப்பாவிடம் "ஆமா" என்று சொல்லாமல், எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். படகை விட்டு இறங்கும்போது கூண்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். என் மேசைமேல், கதவு திறந்தபடி இருக்கிறது.

எலி நான்தான்டா.