அப்பா உட்காரும் பக்கத்துக் கதவு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எழிலனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, கார் மூவரும் சுகம். அங்கே நீயும் சுவேதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அயர்லாந்தில் வெயில் எட்டிப் பார்த்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். காரையும் சேர்த்து நலம் சொல்வதற்குக் காரணம் உண்டு, கடிதமே அதற்காகத்தான். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அவசரப்படுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எழுத்து பெரிதாக இருக்கும், வரி கொஞ்சம் ஏறி இறங்கும். கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மோசமாகவில்லை, அதை நினைத்துக் கவலைப்படாதே.

விபத்து நடந்த அன்று உனக்குச் சொன்னது பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன். கண் ஊசிக்காகச் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். அம்மா ஓட்டினாள், நான் பக்கத்தில். புதுச்சத்திரம் தாண்டியதும் இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டி, காடாம்புலியூர்ப் பலாப்பழம் ஏற்றியது, நிற்காமல் பெரிய ரோட்டில் ஏறியது. அம்மா பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தாள். ஒடிக்காமல் இருந்திருந்தால் இடி நேராக என் மேல் விழுந்திருக்கும். முன்சக்கரத்துக்கு மேலேயும் கதவின் முன்பாதியிலும் விழுந்தது. சக்கரத்தை மூடும் பெண்டர் நசுங்கியது. கதவு உள்ளே வந்து என் தொடையைத் தொட்டு நின்றது. தொட்டது, அவ்வளவுதான். பழங்கள் ரோடெல்லாம் உருண்டன. ஒன்று நம் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டிக்குள் ரப்பர் கருகிய வாசனையும் பலாப்பழ வாசனையும் ஒன்றாக வந்தன. கூட்டம் கூடியது. முதலில் வந்தவர் கேட்டது, "யாரு ஓட்டுனது, லேடிஸா?" அடுத்தவர், "அதானே பாத்தேன்." குட்டியானைக்காரன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான் சார்" என்று என்னிடம் சொன்னான், அம்மாவைப் பார்க்காமலே. அம்மா எஞ்சினை அணைத்தாள், நான்கு விளக்கையும் மினுங்க விட்டாள், என்னைத் தன் பக்கத்துக் கதவு வழியாக இறக்கினாள், யாரும் வண்டியை நகர்த்துவதற்கு முன் டயர் தேய்ந்த தடத்தைப் போனில் படம் எடுத்தாள். பிறகு வகுப்பில் கேட்கும் குரலில் அவனிடம், "ரோட்டுல ஏறும்போது நீ எந்தப் பக்கம் பாத்த, அத மட்டும் சொல்லு" என்றாள். அவன் பழம் பொறுக்கப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் நீ பேசினாய். அம்மா இனிமேல் ஓட்ட வேண்டாம்பா, வண்டிய இருக்கற நிலைமையிலயே வித்துத் தள்ளிடுங்க, ஆஸ்பத்திரிக்கு நான் இங்கேருந்தே டாக்சி போட்டுடறேன் என்றாய். அக்கறையில் சொன்னாய், தெரியும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வண்டி ஓட்டுவதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் ஸ்கூட்டரைக்கூட எடுக்காமல் ஷேர் ஆட்டோவில் போனாள். என் இடது கண் போன பிறகு, ஐம்பது வயதில், எல்லோரும் சிரிக்க எல் போர்டு மாட்டிக்கொண்டு கற்றவள். மறுபடி ஓட்டுவாயா என்று கேட்கலாமா வேண்டாமா, எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் முடிந்துவிடும். கேட்காமல் இருந்தேன். அவள் பேசியதெல்லாம் கதவைப் பற்றி.

உடைந்த வண்டி சிதம்பரத்தில் உன் செல்வன் மாமா பட்டறைக்குத்தான் போனது. வேறு எங்கே போகும். அம்மாவின் சொந்தத் தம்பி டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும்போது வண்டியை வெளியாள் தொட்டால் அப்புறம் காதுகுத்துக்குக்கூட நம்மைக் கூப்பிட மாட்டார்கள். அவன் பெண்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எக்கா, ஒரு ரெண்டு நாளு குடு, தட்டி நிமித்திர்றேன், கதவுல பட்டி போட்டு இழுத்துட்டா நீயே எங்க அடின்னு தேடுவ" என்றான். அம்மா, "தட்ட வேணாம்டா. கம்பெனி பெண்டரு, கம்பெனி கதவு. புதுசு" என்றாள். "அதுக்குக் காத்துங்கெடந்தா ஆடி போயி ஆவணி வந்துரும்க்கா, காசும் ஜாஸ்தி, அதே மாரி வெளிய கெடைக்குது" என்றான். அதே மாதிரி என்றால் அது இல்லை என்றுதானே அர்த்தம் என்றாள் அவள். அவன் முகம் சுருங்கிவிட்டது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். பெண்டரை மாற்ற ஒப்புக்கொண்டார், கதவுக்கு ரிப்பேர் போதும் என்றார். அம்மா கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றச் சொன்னாள். உள்ளே குறுக்காக ஒரு தடித்த இரும்புக் குழாய். இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன், இருப்பதே தெரியாது. நடுவில் வளைந்து என் இருக்கையைப் பார்த்து நின்றது. அம்மா சர்வேயரிடம், "எங்க ஸ்கூல்ல பசங்க இரும்பு ஸ்கேல வளைச்சு வெளையாடுவானுங்க சார். திரும்ப நிமித்தித் தருவானுங்க. அப்புறம் அதுல போட்ட ஒரு கோடு நேரா வந்ததில்ல" என்றாள். அவர் சிரித்துவிட்டு, "கணக்கு டீச்சருங்களா" என்று கேட்டு, கதவையும் மாற்றலாம் என்று எழுதினார். பிறகு நான் எதிர்க்கடையில் டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது அம்மா தம்பியிடம் சொன்னது காதில் விழுந்தது. "என் பக்கத்துக் கதவா இருந்தா நீ என்னா வேணா பண்ணுடா, நான் கேக்க மாட்டேன். இது அவரு உக்கார்ற பக்கம்." டீயோடு கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன்.

கடலூரில் கம்பெனி ஷோரூமின் பார்ட்ஸ் கவுண்டருக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்தவர் அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார். "வண்டி அவுங்களது, நான் லக்கேஜ்" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அவருக்குப் பக்கத்தில் ஜான்சி என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், அவள்தான் கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் கதவு மாறுமாம், சேஸிஸ் நம்பர் போட்டால்தான் சரியான கதவு வருமாம். அம்மா பையைத் திறக்காமலே அந்த நீள நம்பரை எழுத்தும் எண்ணுமாக மூச்சு விடாமல் சொன்னாள். "மேடம், வண்டி ஓனர் யாருமே இத மனப்பாடமாச் சொன்னதில்ல" என்றாள் அந்தப் பெண். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பாடியது போல. கதவு இருப்பில் இல்லை, வெளியூர் கோடவுனிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார்கள். காத்திருக்கிறோம் என்றாள் அம்மா.

நடுவில்தான் செல்வன் அந்த வேலை செய்தான். ஒரு ஞாயிறு காலை வாசலில் லோடு ஆட்டோ. அதில் ஒரு கதவு, ஒரு பெண்டர். கதவில் சந்தனம், குங்குமம். பெண்டரின் வளைவில் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது. பின்னால் அவன் காரில் அவனும் உன் புஷ்பா அத்தையும், அத்தை கையில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், வெற்றிலை, புடவை. அத்தை இறங்கிக் கார்க் கதவைச் சாத்தினாள், சாத்தவில்லை, மறுபடி அடித்தாள், மூன்றாவது அடியில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "தாய்வீட்டுச் சீருன்னு வச்சுக்க" என்றான் செல்வன். "ஒரிஜினலு. கம்பெனி சீலு இருக்கு பாரு. எனக்குத் தெரிஞ்ச ஆளு சென்னையிலேர்ந்து எடுத்துக் குடுத்தான்." ஏமாற்றப் பார்க்கவில்லை எழில், அவன் அதை நம்பினான். அக்கா தன்னை நம்பவில்லையே என்ற மனக்குறை, அதைச் சீராக்கிக் கொண்டுவந்துவிட்டான். சீரை எப்படித் திருப்புவது. அம்மா பிறந்த வீட்டிலிருந்து வருகிற ஒரே ஆள் அவன்தான். அவள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே சாமி முன்னால் வைத்தாள். பெண்டரிலிருந்த பூவை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டாள். காபி போட்டாள். அப்புறம், "வாடா, வண்டிகிட்ட வச்சுப் பாக்கலாம்" என்று அவர்களோடே சிதம்பரம் கிளம்பினாள். நானும் ஏறிக்கொண்டேன்.

பட்டறையில் பெண்டரைப் பிடித்துப் பார்த்தார்கள். பானெட்டுக்கும் அதற்கும் நடுவில் மேலே அம்மாவின் சுண்டுவிரல் போனது, கீழே நகம்கூட நுழையவில்லை. போல்ட் ஓட்டை தள்ளி நின்றது. "ஓட்டைய லேசாப் பெருசு பண்ணிக்கலாம்க்கா" என்றான். அவள், கண்ணாடி கழற்றிய பழைய கதவை ஒரு கையிலும் புதுசை மறுகையிலும் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். தூக்கினான். புதுசு லேசு. தட்டினான், தகர டப்பா மாதிரி சத்தம். உள்ளே கைவிட்டான். குறுக்குக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் பட்டையாக ஒரு தகடு. அவன் கையை வெளியே எடுக்கவே இல்லை, எதையோ தொலைத்தவன் மாதிரி தடவிக்கொண்டே இருந்தான். புஷ்பா அத்தை, "நம்ம வண்டிக் கதவும் அந்தச் சென்னை ஆளுகிட்ட வாங்குனதுதானே, அதான் ஊரையே எழுப்புது" என்றாள். செல்வன் கையை வெளியே எடுத்தான். பிறகு அவனே சிரித்தான். அம்மா சொன்னாள், "சீரு வாங்கிட்டேன்டா. பூ தலையில இருக்குது, பொடவ பீரோவுல இருக்குது. இந்தக் கதவையும் பெண்டரையும் மட்டும் கொடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடு. கம்பெனி கதவு வந்ததும் நீதான் மாட்டணும். உன் கைதான். வேற யாரையும் தொட விட மாட்டேன்." அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டானா, பெயிண்ட் தூசியா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஜான்சி போன் செய்தாள், வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் கதவும் பெண்டரும் கறுப்பாக, ஒரு பளபளப்பும் இல்லாமல், கைப்பிடி இல்லாமல், கண்ணாடி இல்லாமல். "இதுக்கா இத்தன நாளு" என்று என் வாயில் வந்துவிட்டது. கம்பெனி பார்ட்ஸ் பெயிண்ட் இல்லாமல்தான் வரும் என்றாள் ஜான்சி. அம்மா சீலைப் பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள், கதவுக்குள் கைவிட்டாள், குழாயைப் பிடித்தாள். பிறகுதான் பில் போடச் சொன்னாள். லோடு ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் அவளே உட்கார்ந்து சிதம்பரம் வரை கொண்டுபோனாள். வேகத்தடைக்கு வேகத்தடை கதவு குலுங்குகிறதா என்று திரும்பிப் பார்த்தாளாம், செல்வனிடம் அந்த டிரைவர் சொல்லிச் சிரித்திருக்கிறார், "கல்யாணப் பொண்ணக்கூட இப்படிக் கூட்டியாந்ததில்லண்ணே." செல்வன் கலர் கலந்து அடித்ததில் எது பழைய இடம், எது புது இடம் என்று எனக்குத் தெரியவில்லை, என் கண்ணை விடு, அம்மாவுக்கே தெரியவில்லை. மாட்டிய அன்று நானும் போயிருந்தேன், முடித்துவிட்டு அவன் ஒரு விரலால் கதவைத் தள்ளினான். ஒரு சின்னச் சத்தம், மூடிக்கொண்டது. "மாமா, நான் ஒன்னும் பண்ணல, அதுவே போயி உக்காந்துக்குச்சு" என்றான் என்னிடம்.

போன வியாழன் எனக்கு ஊசி. முடிந்ததும் வலது கண்ணில் கட்டு, இடது கண் உனக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் பட்டறைக்கு வந்தோம். செல்வன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கடலூர்ல உட்டுட்டு பஸ்ஸுல வந்துர்றேன்க்கா" என்றான். அம்மா கதவு வரை போனாள். என் பக்கத்துக் கதவு. திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள். என்னை உட்கார வைத்து, பெல்ட்டைத் தானே போட்டாள். பிறகு சத்தமே இல்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம், "சாவியக் குடுடா" என்று கேட்டது. வலப்பக்கக் கதவு மூடிய சத்தம். எஞ்சின். வழியெல்லாம் நான் எதுவும் பார்க்கவில்லை எழில், கேட்டுக்கொண்டு வந்தேன். புதுச்சத்திரத்துக்கு முன்னால் கியர் குறைந்தது. அந்தச் சந்து வரும் இடத்தில் ஒரு ஹாரன், அளவாக. தாண்டினோம். அவள் மூச்சை விட்டாள், கியரை ஏற்றினாள். "என்னாங்க, பசிக்குதா" என்று கேட்டாள். இல்லை என்றேன். பெருமை என்ற சொல்லை நான் வீட்டில் அதிகம் செலவு செய்ததில்லை. அன்று என் பக்கத்துக் கதவில் கையை வைத்துக்கொண்டு கடலூர் வரை அது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே வண்டி விற்பனைக்கு இல்லை. டாக்சியும் வேண்டாம். நீ சொன்னதற்காக அம்மாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை, அவள் அதை எதிர்பார்க்கவும் மாட்டாள். அடுத்த முறை பேசும்போது வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள், அது போதும். அதற்கு அவள் அரைமணி நேரம் பதில் சொல்வாள், குறுக்கே பேசாதே. செல்வன் மாமாவுக்கும் ஒரு போன் போடு, அவன் தன் காருக்கும் கதவு சொல்லியிருக்கிறான், கம்பெனி கவுண்டரில், அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய். சுவேதா ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வருவதாகச் சொன்னாளே, நீ போய்க் கூட்டி வருகிறாயா. குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள் இருவரும். நீங்கள் இருவரும் உடல் நலமும் மன நிறைவுமாக நீண்ட நாள் வாழ வேண்டும், அதுவே எங்கள் ஆசி.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டதும் நேரத்தை எழுது. சென்னை ஏர்போர்ட்டுக்கு அம்மா வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். நானும் சுவேதாவும் பின்னால் உட்கார்ந்துகொள்கிறோம். என் இடத்தில் நீ உட்கார். கதவை ஓங்கி அடிக்காதே, ஒரு விரல் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜவேல்