பட்டாணி அளவும் அவிநாசி வீடும்

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு பழைய சிஸ்டத்தைப் பிரித்தேன். ப்ராசசர் மேல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்துகொண்டிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தபோது அந்த வாடை எழுந்தது. மற்றவர்களுக்கு அது ஊசி போடும் இடத்து வாடை. எனக்கு அது உன் கை வாடை. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

நாம் முதலில் சந்தித்தது வேறொருவரின் சர்வீஸ் சென்டரில். அங்கே வேலை பார்த்த பெண்கள் நாம் இரண்டு பேர்தான். பேசிப் பேசித் துணிந்து, காந்திபுரத்துச் சந்து ஒன்றின் மாடியில் இந்த அறையைப் பிடித்தோம். ஆரம்பத்தில் படியேறி வருகிறவர்கள் நம்மைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "சர்வீஸ் பண்றவங்க இல்லீங்களா?" என்பார்கள். நீ ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே, "பாத்துட்டுத்தானுங்க இருக்கீங்க" என்பாய். கோபமே இல்லாமல் சொல்வாய். கோபமெல்லாம் கழலாத ஸ்க்ரூக்களிடம்தான். அவற்றை வீட்டுப் பாஷையான தெலுங்கில் திட்டுவாய். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது, சிரிப்பு மட்டும் வரும்.

நமக்குள் தீராத சண்டை ஒன்று இருந்தது. ப்ராசசருக்கு எவ்வளவு பேஸ்ட் வைப்பது என்ற சண்டை. ப்ராசசரும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்கிவிடும். அந்த இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட். நான் கடுகளவு போதும் என்பேன். முதல் வேலையில் பக்கங்களில் வழிய வழிய வைத்துவிட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பயம் எனக்கு. நீ பட்டாணி அளவுக்குக் குறையக் கூடாது என்பாய்.

மழை பெய்து ஆளே வராத ஒரு மத்தியானம், "சண்டை எதுக்கு, செஞ்சே பாத்துரலாம் புள்ள" என்று ஒரு பழைய மதர்போர்டை மேசைமேல் வைத்தாய். முதலில் போட்டோ ஃப்ரேமின் கண்ணாடியைக் கழற்றி, பேஸ்டை அதன் அடியில் வைத்து அழுத்திப் பார்த்தோம். என் கடுகு நடுவில் வட்டமாகப் பரவி, மூலைகளைத் தொடாமலே நின்றுவிட்டது. உன் பட்டாணி ஓரம்வரை போயிற்று. பிறகு ஹீட் சிங்க்கை மாட்டி, கனமான வேலை ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டோம். கடுகு வைத்தபோது சூடு ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. பட்டாணி வைத்தபோது எழுபதுகளில் நின்றது. மூன்றாவதாக, வடை தட்டுவதுபோல் வேண்டுமென்றே அப்பி வைத்தாய். நான் ஏதோ பெரிதாக நடக்கும் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட பட்டாணிக்கு வந்த அதே சூடுதான். மிச்சமெல்லாம் பிதுங்கி ஓரத்துக்கு வந்துவிட்டது.

"நிறையா வெச்சா அழுக்குத்தான் ஆகும் புள்ள. கம்மியா வெச்சாத்தான் வெந்துபோகும்."

"வழிஞ்சு சாக்கெட்டுக்குள்ள போச்சுன்னா? கரண்ட் கடத்துற பேஸ்டா இருந்தா போர்டே போயிரும்."

"அதுக்குத்தான் பட்டாணிங்கறேன். வடைன்னா சொன்னேன்?"

அதோடு அந்தச் சண்டை முடிந்தது. வேறு சண்டைகள் நிறைய இருந்ததால் எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

அவிநாசியிலிருந்து அந்த அக்கா வந்தது அதற்கடுத்த கோடையில். படியேறிய மூச்சு வாங்க, கையில் எந்தப் பொருளும் இல்லாமல் நின்றார். "ஏனுங் அம்மணி, பேசிட்டு இருக்கையிலேயே நின்னுபோகுதுங்க" என்றார். போனைச் சொல்கிறார் என்று நினைத்து, கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "கொண்டார முடியாதுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு வாய் அதுதானுங்க" என்றார். நீ கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தாய்.

அவர் கணவர் கோயமுத்தூர் – சத்தியமங்கலம் ரூட் பஸ்ஸில் பல வருடம் கண்டக்டராக இருந்தவர். நரம்பு நோய் ஒன்று வந்து முதலில் கை விழுந்தது. பிறகு கால், பிறகு நாக்கு. ஊரே கேட்கக் கூவி ஆள் ஏற்றியவருக்குக் கடைசியில் கண்ணசைவு மட்டும்தான் மிஞ்சியது. சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். திரைக்குக் கீழே இருக்கும் கேமரா அவர் கண்ணைப் பின்தொடரும். அவர் பார்க்கிற எழுத்து திரையில் விழும். எழுதி முடித்ததும் மெஷின் அதை உரக்க வாசிக்கும். ஃபேன் சத்தம் போடுகிறது என்று யாரோ கழற்றி வேறு மாட்டிய பிறகு, கொஞ்ச நேரம் ஓடினாலே அணைந்துவிடுகிறதாம். மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். "பேச்சுக்கு நடுவுல நின்னுபோச்சுன்னா அவரு கண்ணுல தண்ணி வந்துருதுங்க. தொடச்சுக்கவும் கை இல்லீங்க" என்றார் அந்த அக்கா.

கடைக்கு எடுத்து வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்றேன் நான். "அவரு வாயைப் புடுங்கிட்டா வருவே?" என்றாய். உன் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவிநாசியில் தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெரு. கட்டிலில் சாய்ந்திருந்தவரின் முகத்தில் எதுவும் அசையவில்லை. ஆனால் நாம் நிலைப்படியைத் தாண்டியதிலிருந்து அவர் கண் நம்மைவிட்டு விலகவில்லை. சும்மா ஓடும்போது மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது. கேமராவும் அந்தப் புரோகிராமும் சேர்ந்து ஓடியபோது சூடு ஏறி, கண்முன்னே திரை கறுத்தது. நீ அவரிடம் குனிந்து, "அண்ணா, கொஞ்ச நேரம் பிரிக்கோணும். அதுவரைக்கும் நீங்க பேச முடியாது. பிரிக்கட்டுங்களா?" என்று கேட்டாய். அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். எனக்கு அப்படி அனுமதி கேட்கத் தோன்றியிருக்காது.

ஹீட் சிங்க்கைத் தூக்கியதும் தெரிந்தது. நடுவில் பயறு அளவுகூட இல்லாத ஒரு பொட்டு, அதுவும் பாதி காய்ந்து. மூலைகள் வெறும் உலோகமாகப் பளபளத்தன. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் துடைத்தேன், நீ வைத்தாய். மாட்டிய பிறகு திருப்தியில்லாமல் மறுபடி தூக்கி, ஓரம்வரை பரவியிருக்கிறதா என்று பார்த்தாய். பரவித்தான் இருந்தது. ஆனால் தூக்கியதில் காற்று புகுந்திருக்கும் என்று எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக வைத்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தோம். நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் அவர் முதலில் எழுதியது, "ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்க." அந்த மெஷின் குரல் கரகரவென்று அதைச் சொன்னபோது அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நாம் சாப்பிட்டோம். பிறகும் நீ எழவில்லை. சூடு எண்பதைத் தாண்டுகிறதா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அவர் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம்போல் ஆனது. பாதிச் சொல்லிலேயே அது என்னவென்று தெரிந்துவிடும். அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், நானும் சொல்லிவிடுவேன். நீ மட்டும் திரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாய்.

நிச்சயத்துக்கு நம்மைக் கூப்பிட்டார்கள். தரகர்கள், மாமன்மார்கள், குழந்தைகள் என்று வீடு நிறைந்திருந்தது. விடிந்ததிலிருந்து அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலோ பங்குனி வெயில். நீ பட்டுப்புடவையோடு கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்று, வெளியே வரும் காற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். தட்டு மாற்றுவதற்கு முன் அவர் மாப்பிள்ளையைக் கண்ணால் அழைத்தார். பையன் வந்து கட்டிலோரம் நின்றான். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. "எம் புள்ளைய" என்பதுவரை வந்தது. கூட்டம் பொறுமையிழந்தது. பெண்ணின் தாய்மாமன் சிரித்துக்கொண்டே, "அட, நல்லாப் பாத்துக்கச் சொல்றாருங்க மாப்ள. அதேதான். நேரமாகுது, தட்டை எடுங்க" என்றார். தட்டுக்குக் கைகள் நீண்டன. கட்டிலில் இருந்தவரின் கண் திரையிலிருந்து விலகி, உத்தரத்துக்குப் போய்விட்டது.

நீ அதிகம் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"மாமா, சித்த இருங்க. அவரு இன்னும் முடிக்கலைங்க."

"அம்மணி, நல்ல நேரம் போயிரும்."

"போகாதுங்க. அவரு சொல்லட்டும்."

வெளியாள் ஒருத்தி சொன்னதில் தாய்மாமனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் மணப்பெண் எழுந்து வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு யாரும் தட்டைத் தொடவில்லை. அவர் கண் மெல்லத் திரைக்குத் திரும்பியது. அவ்வளவு பேர் இருந்த வீட்டில் ஃபேன் சத்தம் கேட்டது. நான் சூட்டைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது, எழுபதுகளில் போய் நின்றது. நிற்க வேண்டும் என்று நான் அன்று வேண்டிக்கொண்டதுபோல் எந்தக் கோயிலிலும் வேண்டிக்கொண்டதில்லை. கடைசியில் மெஷின் பேசியது.

"எம் புள்ளைய நீங்க பாத்துக்க வேண்டாம் மாப்ள. அவ எல்லாரையும் பாத்துக்குவா. அவ பேசறப்ப குறுக்க பேசாம கேட்டுக்குங்க. போதும்."

மாப்பிள்ளை குனிந்து, அசையாத அந்தக் கையைத் தொட்டு, "சரிங் மாமா" என்றான். தாய்மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீ காற்றில் வைத்த கையை அப்போதும் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் நான்தான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து நீ சொன்னாய்: "நல்லாப் பாத்துக்கங்கன்னுதான் சொல்லப்போறாருன்னு நானும் நெனச்சுட்டேன் புள்ள."

பிறகு வந்த மாதங்களில் உன் வயிற்றுவலியைக் கடை டீயின் தலையில் கட்டிக்கொண்டிருந்தாய். கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது மருத்துவர்களால் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்து, "வெயில் வருது. அவிநாசிக்கு ஒருக்கா போய்ப் பாத்துரு" என்றாய். பேச்சை மாற்றுகிறாய் என்று எனக்குக் கோபம் வந்தது. நாம் பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. அந்த வாரமே நீ போய்விட்டாய். உன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தெலுங்கில் நெடுநேரம் பேசினார். எனக்குப் புரியவில்லை. தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

நீ போய்ச் சில வாரம் கழித்துத்தான் அவிநாசிக்குப் போனேன். போனில் சொல்லக்கூடிய செய்தி இல்லை அது. தூசி தட்டுவதுபோல் மெஷினைத் திறந்து மூடினேன். அக்கா, "இன்னொரு அம்மணி எங்கீங்க?" என்று கேட்டபோது சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலில் இருந்தவரின் கண் மெல்லத் திரைக்குப் போனது. பிறகு எழுத்துகள் விழுந்தன. உன்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மெஷின் சொன்னது:

"உங்களுக்கு எப்படீங்க இருக்குது?"

அந்த வாரங்களில் எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருந்தார்கள். கடையை என்ன செய்யப்போகிறாய் என்றார்கள். தனியாகச் சமாளிக்க முடியுமா என்றார்கள். என் வாயில் வரும் முன்பே, "கஷ்டம்தான், காலம் ஆத்தும்" என்று அவர்களே பதிலும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் "நல்லா" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் திரையை விட்டுவிட்டுக் கண்ணை என் முகத்தில் வைத்தார். அப்படியே வைத்திருந்தார். நான் அழுதேன், நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன். ஸ்க்ரூவைத் திட்டியதிலிருந்து மருத்துவமனைக் கட்டில்வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் தாழும்வரை பேசினேன். அந்த நேரம் முழுக்க அவர் ஓர் எழுத்தும் எழுதவில்லை.

அதன் பிறகுதான் எனக்கு உன் சாவைச் சொல்ல வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் படியேறி வந்து உன்னைக் கேட்கும்போது, முன்பெல்லாம் "ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். இப்போது நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறேன். நீ இறந்துபோனாய் என்கிறேன். என்ன நோய் என்று கேட்டால் அதையும் சொல்கிறேன். எப்படிப்பட்டவள் என்று கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நடுவில் குரல் கம்மிப்போகிறது. அவர்கள் சங்கடப்பட்டு, "போதுமுங்க அம்மணி, விடுங்க" என்கிறார்கள். நான் விடுவதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லி முடிக்கிறேன்.