பாக்கெட்டில் என்ன?

பாண்டிஃப்ராக்ட்,
இங்கிலாந்து,
மார்ச் 4

ஆர்மிட்டேஜ் அம்மணிக்கு,

டாக்டரைப் பார்க்க வந்தவனை உங்கள் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். மருந்தாளுநர் என்றால் மருந்து எடுத்துக் கொடுப்பவர் என்றுதான் எழுபத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன். பதினைந்து வருட ரத்த அழுத்தம் எனக்கு. நான்காவது மாத்திரை கேட்டால், "பாக்கெட்ல என்ன வச்சிருக்கீங்க?" என்கிறீர்கள், திருடனைக் கேட்பதுபோல. அதிமதுர மிட்டாய் வைத்திருந்தேன். அதிமதுர மிட்டாய்க்கே பேர்போன இந்த ஊரில் யார் பையில் அது இல்லை? மிட்டாய் ஆலையில் நாற்பது வருடம் அதைக் காய்ச்சிய கை இது. டாக்டருக்குப் புகார் எழுதுகிறேன்.

நார்மன் ஹெப்வொர்த்

மார்ச் 7

ஹெப்வொர்த் ஐயா,

புகாரைத் தாராளமாக எழுதுங்கள். உங்கள் அழுத்தத்தை ஏற்றுவது அந்த மிட்டாய்தான். அது உடம்பில் உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வடித்துவிடுகிறது. கால் வீக்கமும் அதனால்தான். நான் கதை விடவில்லை. உங்கள் ரத்தப் பரிசோதனையே சொல்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டதற்கு, "எண்ணிக்கிட்டா திம்பாங்க?" என்றீர்கள். இனி ஒன்றுகூட வேண்டாம். மூன்று மாத்திரைகளையும் விடாமல் போடுங்கள், வாராவாரம் ரத்தம் கொடுங்கள். இப்படியே தின்றால் இதயம் நின்றுவிடும்.

கேத்லீன் ஆர்மிட்டேஜ்

மார்ச் 10

அம்மணி,

பயமுறுத்துவதற்கும் சம்பளம் தருகிறார்களா? என் அண்ணன் ரோலண்ட் என்னைவிட இரண்டு மடங்கு தின்றவன். எந்த டாக்டரும் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்கள் சொல்வது பொய் என்று காட்டுவதற்காகவே ஒரு மாதம் நிறுத்துகிறேன்.

நா. ஹெப்வொர்த்

மார்ச் 12

ஐயா,

எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் சரி. அடுத்த முறை அண்ணனையும் கூட்டி வாருங்கள். அவர் மாத்திரைகளையும் பார்க்கிறேன்.

கே. ஆர்மிட்டேஜ்

ஏப்ரல் 14

அம்மணி,

நேற்று நர்ஸ் பார்த்தார். அழுத்தம் நூற்று முப்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. கால் வீக்கம் வடிந்து, பழைய ஷூ நுழைகிறது. ஜெயித்துவிட்டீர்கள், சந்தோஷப்படுங்கள்.

அண்ணன் வரமாட்டான். போன நவம்பரில் இதயம் நின்று போய்விட்டான். ஐந்து மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், தினமும் ஒரு பொட்டலம் அதிமதுர மிட்டாய் கொண்டுபோனவன் நான். "நீ ஒருத்தன்தாண்டா என் வாய்க்குப் புடிச்சதைக் கொண்டாற" என்பான். எத்தனையோ டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். என் பையில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதை எனக்குத் தெரியவைத்தீர்களே, அதற்காக உங்களை மன்னிக்கவே மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்க வருவேன். நீங்கள் வெளியே வரவேண்டாம்.

நார்மன்