நேற்று வரை குற்றமில்லை

1997 பெப்ரவரி 11

கடலிலிருந்து காலையில் வந்த பாரை என்றான் மீன்காரன். "இது செத்து மூண்டு நாள்" என்றேன். வெள்ளவத்தைச் சந்தையே திரும்பிப் பார்த்தது. சரி, நாலு பேர்.

பின்னேரம் தங்கச்சியின் மகள் நேசம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பையோடு வந்தாள். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகவில்லை. தாய் யாழ்ப்பாணத்தில், இங்கே அவளுக்கு நான்தான்.

"மாமா, கொஞ்ச நாளைக்கு நிக்கட்டே?"

"கொஞ்ச நாளோ? இது உன்ர அரண்மனை."

ஓர் அறையும் குசினியும். எழுதும்போது அரண்மனை என்றே எழுதுகிறேன்.

பெப்ரவரி 13

மேல்மாடி லுத்பியா படியில் மறித்தார். நேசம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். தாய்மாமனிடம் சொல்லக்கூடியதல்ல.

"வேணாம் வேணாமெண்டு அழுதாலும் புருசன் உடுறல்லயாம், ஒவ்வொரு ராவும். புள்ளய திருப்பி அனுப்பிடாதீங்க, அண்ணே."

என் பாயைக் குசினிக்கு மாற்றினேன். அறை அவளுக்கு.

பெப்ரவரி 17

பொலிஸுக்குப் போனோம். கொழும்பில் தமிழர் எல்லாரும் பொலிஸில் வீட்டு முகவரியைப் பதியவேண்டும். அவள் பதிவு கணவன் நாகேந்திரத்தின் வீட்டில் இருக்கிறது. அதை இங்கே மாற்றாவிட்டால் ஆமி சுற்றிவளைக்கும் ரவுண்டப்பில் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படியே முறைப்பாடும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். என் சிங்களம் சிங்களவரே வியக்கும் சிங்களம். சார்ஜன்ட் வியக்கவில்லை. ஏன் புருசன் வீட்டை விட்டு வந்தாள் என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சொன்னேன்.

பேனையை மூடினார். "புருசன்தானே" என்றார் சிங்களத்தில். "நோனா கெதர யன்ன." வீட்டுக்குப் போகட்டுமாம்.

எந்த வீட்டுக்கு?

பெப்ரவரி 20

புதுக்கடைக் கோட்டில் பியோனாக இருந்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றாலும், பாதித் தீர்ப்புகள் என் முகத்தைப் பார்த்துத்தான் எழுதப்பட்டன. ஆகவே "சட்டம் எனக்குப் பாடம்" என்று நேசத்துக்குச் சொல்லிக்கொண்டே லோயர் ஹியூபேட்டிடம் கூட்டிப் போனேன்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேறை ஆராவது செய்திருந்தால் சிறை. புருசன் செய்தால் குற்றமில்லை. நீதிபதி ரெண்டு பேரையும் பிரிச்சு வைச்ச பிறகு செய்தால்தான் குற்றம்."

"ரெண்டு வருசத்துக்கு முந்திச் சட்டத்தைத் திருத்தினவையெல்லே?" என்றேன், தெரிந்தவன்போல.

"திருத்தினவை. அந்த இடத்துக்கு வரேக்கை கை நடுங்கிப்போச்சு."

பிரிவு கேட்டு வழக்குப் போடலாமாம். அதுவரை கூப்பிட்டால் போகாதே என்றார். போகாவிட்டால், அவள்தான் விட்டுவிட்டு ஓடினாள் என்று அவன் சொல்லுவான் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் நேசத்துக்கு மீன் விலை கதைத்துக்கொண்டு வந்தேன். சட்டம் கதைக்கவில்லை.

பெப்ரவரி 26

நாகேந்திரம் வந்தான். நல்ல சேட், திருநீறு, கையில் கதலிப் பழச் சீப்பு.

"மாமா, என்ர மனிசியை அனுப்புங்கோ."

சட்டம் அவன் பக்கம். வாய் தானாகத் திறந்தது. "அவளுக்குக் கொப்புளிப்பான், தம்பி. உடம்பெல்லாம். அம்மாள் வந்திருக்கிறா."

இரண்டு படி கீழே இறங்கிவிட்டான். "எனக்கு அது இன்னும் வரேல்லை, மாமா."

"அப்ப ஏன் நிக்கிறாய்?"

போனபிறகு வேப்பங்குழை வாங்கிவந்து வாசலில் செருகினேன். லுத்பியா சிரித்த சிரிப்பில் மாடியே ஆடியது. பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அழுதபோது நிற்காதவன், கொப்புளத்துக்கு நிற்கிறான்.

மார்ச் 2

களைப்பு. பொய் சொல்லி நான் களைத்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 19

நாகேந்திரம் மீண்டும் வந்தான். "தண்ணி வார்த்தாச்சோ?"

திரும்பவும் போட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். நேசம் என்னைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். முகத்தில் ஒரு தழும்பும் இல்லை.

"எனக்கு ஒரு வருத்தமும் வரேல்லை. உங்களோட நான் வரமாட்டன்."

"உள்ளை போய்க் கதைப்பம்."

"இல்லை, இஞ்சையே. நான் வேண்டாமெண்டு சொன்னது உங்களுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் செய்தனீங்கள்."

படியில் கதவுகள் திறந்தன. அவன் முகம் கறுத்தது. "சட்டத்திலை நீ என்ர மனிசியடி."

"ஓம். சட்டத்திலை."

பழச் சீப்பைப் படியிலேயே போட்டுவிட்டு இறங்கினான். நேசம் வாசல் வேப்பங்குழையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நான் என்ன செய்ய? தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 22

கீழ்வீட்டுக்காரர் குட்மோனிங் சொல்வதை நிறுத்திவிட்டார். இப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாமா என்று அவர் மனைவி கேட்டாராம். செய்யலாம், சொல்லத்தான் கூடாது போலிருக்கிறது.

ஓகஸ்ட் 5

பிரிவு கேட்டுப் போட்ட வழக்குத் தள்ளிவைப்பு. நேசம் காலி வீதியில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலைக்குப் போகிறாள், வெளிநாட்டு ரெலிபோன் கோல் எடுத்துக் கொடுக்க. எங்கோ குண்டு வெடித்து, போகும் வழியில் மூன்று இடத்தில் ஐடென்ரிக் காட் கேட்டார்களாம். "புருசன் எங்கை?" என்பதையும் சேர்த்து.

1998 மே 14

தள்ளிவைப்பு. எத்தனையாவது என்று எண்ணவில்லை. நாகேந்திரத்தின் லோயர், அவள்தான் விட்டுவிட்டு ஓடினாள் என்கிறார். லுத்பியா முக்காட்டை இழுத்துவிட்டு, கூண்டில் ஏறி, அன்று படியில் நேசமும் அவனும் கதைக்கக் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். என்னைச் சாட்சிக்கு ஏற்றவேண்டாம் என்று ஹியூபேட் முதலே சொல்லிவிட்டார். கோபம் வந்தது. பிறகு சரியென்று பட்டது.

நவம்பர் 27

பிரிவு கிடைத்தது. மழை. கோட்டு வராந்தாவில் ஹியூபேட் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "இனி அவன் உம்மை அப்பிடித் தொட்டால், பிள்ளை, அது குற்றம். இண்டையிலிருந்து."

"அப்ப, இதுக்கு முந்தி நடந்தது?"

அவர் குடையை அவள் பக்கம் சரித்தார். "அது நடந்தது" என்றார். "குற்றமில்லை."

நேசம் தலையாட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து, வெள்ளவத்தை வரும்வரை சேலைத் தலைப்பிலிருந்து மழைத்தண்ணீரைப் பிழிந்துகொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மேலிருந்து லுத்பியா எட்டிப் பார்த்தார். "என்னாச்சு, அண்ணே?"

நீதிபதி எழுந்து நின்று என் கையைப் பிடித்தார் என்று சொல்லியிருப்பேன், வேறு நாளென்றால்.

"பிரிச்சாச்சு" என்றேன். கதவைத் திறந்தேன்.