நீங்கள் தப்பாகக் கேட்ட சொல்

என் பிரியமுள்ள கதைக்கார அண்ணாச்சிக்கு,

எழுத்து அறியாத வேலு சொல்கிறேன். எழுதுவது உங்கள் மகள் செல்வி. மட்டாஞ்சேரியில் நம் மிளகுக் கிடங்கு இப்போது ஓவியம் மாட்டும் கூடமாகிவிட்டது. நான் மூட்டை சுமந்த வாசலில் நின்று ஆட்கள் போட்டோ எடுக்கிறார்கள். நீங்கள் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த மூலையில் ஏசி ஓடுகிறது.

நீங்கள் கண்மூடிய பிறகு செல்வி உங்கள் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறாள். "எல்லாம் உங்க வாயிலேர்ந்து வந்ததுதானே சித்தப்பா, எதையாவது எடுக்கணுமா?" என்று கேட்டாள். ஒன்றை எடுக்கச் சொன்னேன். எது என்று உங்களுக்குத் தெரியும்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு சாயாக்கடையில் நான் சொன்னது ஒரே வரி. "ஆலுவாப் புழையில குளிக்கப் போன இடத்துல என் தங்கச்சி வள்ளி தாலி களஞ்ஞு, அண்ணாச்சி." எங்கள் மலையாளம் கலந்த பேச்சில் களஞ்ஞு என்றால் தொலைத்துவிட்டாள் என்றும் ஆகும், எறிந்துவிட்டாள் என்றும் ஆகும். நான் சொன்னது தொலைத்ததை. நீங்கள் எழுதியது எறிந்ததை. உங்கள் கதையில் அவள் தாலியைக் கழற்றி ஆற்றில் வீசிவிட்டு, நிமிர்ந்து கரையேறிப் போகிறாள். அதோடு முடிகிறது.

யாரோ அதை வாசித்துக் காட்டிய அன்று உங்கள் சட்டையைப் பிடித்தேன். "புருஷனோட குடும்பம் நடத்துறவள இப்படி எழுதிட்டீங்களே!" நீங்கள் தலை குனிந்து, "தப்பாக் கேட்டுட்டேன்டே வேலு" என்றீர்கள். நம்பினேன். திருநெல்வேலிக்காரருக்கு நம்ம பேச்சு எங்கே புரியும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலுவாவுக்குப் போனேன். வள்ளியின் புருஷன் இறந்து ஆறு வருஷமாகிறது. அவள் மகள் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கதை புத்தகத்தில் வராது, பயப்படாதே என்று சொல்லத்தான் போனேன். அப்படி ஒரு கதை இருப்பதே அவளுக்குத் தெரியாது. முழுதும் சொன்னேன். கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எண்ணே, அவருக்கு இது யாரு பறஞ்சது?"

"ஒருத்தரும் பறயல. வார்த்தையத் தப்பாக் கேட்டுட்டாரு."

"தப்பா?" என்று சிரித்தாள். "நீ ரெண்டு நாளு நீர்க்காக்கா மாதிரி முங்கி முங்கித் தேடுனியே. இவன் கையில கிட்டிடக் கூடாதே பகவானேன்னு நான் கரையில நின்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே, வள்ளி?"

"நீ கேட்டியா? மூணாம் நாளு புதுசு வாங்கிட்டு வந்து, அந்த ஆளு கையில குடுத்து, கட்டுங்க மாப்பிள்ளைன்னு சொன்ன." கிழங்கை மறுபடி எடுத்தாள். "கதைய எடுக்கச் சொல்லாத. நீ ஏதாவது எழுத வச்சா இதையும் எழுதச் சொல்லு. இனி என்ன பயம், நான் யாரப் பேடிக்கணும்?"

அண்ணாச்சி, உங்கள் கதை அவள் கரையேறியதோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நடந்தது என் வேலை. அவள் எறிந்ததை மறுபடி அவள் கழுத்தில் ஏற்றியவன் நான். அவள் தாலியை எறியும்படி அந்த ஆள் என்ன செய்தான் என்று போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்க வாய் வரவில்லை.

எதையும் மறக்காதவன் என்று எனக்கு ஊரில் பேர். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று ஞாபகம் வந்தது. அன்று சாயாக்கடையில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "தாலி போன அன்னைக்கு அவ சாப்பிட்டாளா?" "ரெண்டாந்தடவையும் சோறு கேட்டு வாங்கித் தின்னா, கூறு கெட்டவ" என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கதையெல்லாம் உன் வாயிலிருந்துதான் வருகிறது என்பீர்களே, இது அந்தச் சோற்றிலிருந்தல்லவா வந்திருக்கிறது? இருபது வருஷம் இங்கே இருந்தவருக்கா களஞ்ஞு புரியாது? அன்று யாருக்காகத் தலை குனிந்தீர்கள்? நான் உங்களுக்குச் சொன்ன மற்ற மனிதர்களில் இன்னும் எத்தனை பேரை நான் பார்க்காமலே விட்டிருக்கிறேன்?

கதை இருக்கட்டும் என்று செல்வியிடம் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆலுவாவுக்குப் போவேன். அந்த ஆள் என்ன செய்தான் என்று வள்ளியிடம் கேட்பேன். அவள் சொல்லி முடிக்கிறவரை என் வாயைத் திறக்க மாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
வள்ளியின் கூடப்பிறந்த அண்ணன்,
வேலு