வண்டலில் போன செருப்பு

அன்புள்ள லிபியாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஓசூர் அணையில் வண்டல் அளக்கிறோம். வேகமாக வரும் தென்பெண்ணை இங்கே தளர்ந்து, மணலை முதலில் இறக்கிவிடுகிறது. மாவு போன்ற மண்ணை மதகுவரை கொண்டுவந்து படியவிடுகிறது. நேற்று அதில் முழங்கால்வரை புதைந்துவிட்டேன். பயப்படாதே, கூட வேலை செய்யும் அஜாஸ் இழுத்துவிட்டான். ஒரு செருப்புதான் போனது.

"விடுண்ணா, ஆத்தோட போயி கடலூர்ல அண்ணி கையில கெடைக்கும்" என்றான்.

கிடைக்காது. அணை உன் பக்கம் தண்ணீரைத்தான் விடும். மற்றதை இங்கேயே வைத்துக்கொள்ளும்.

நம் வாசலில் இருக்கும் என் பழைய செருப்பைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தேன், செருப்பை அனுப்ப வேண்டாம், வாசலிலேயே கிடக்கட்டும். நான் வீட்டில் இருப்பதாகத் தெருவில் நினைத்துக்கொள்வார்கள்.

உன்
வெஸ்லின்