சஹனுக்கு நாலு பேர்

தாராவி
ஆகஸ்ட் 1986

அன்பு மகள் மெஹராஜுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கணும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை. உன் நிக்காஹ் அன்று பந்தி முடிந்ததும் உன் மாமியார் பெண்கள் பக்கம் வந்து, லோக்கல் ரயில்னு நினைச்சீங்களா, மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள் ஒண்டிக்கிற மாதிரி, எங்க ஆம்பளைங்க ஒரு சஹன் தட்டில் ரெண்டு பேருக்கு மேல் கை வைத்ததில்லை, படிச்ச பொண்ணு சோற்றுத் தட்டிலேயே மிச்சம் பிடிச்சுட்டாளே என்றார். அந்தக் கணக்கை முடித்தது நீ இல்லை என்று அன்று நான் வாய் திறந்து சொல்லவில்லை.

இருநூற்று நாற்பது பேர், நாலு நாலாக உட்கார்ந்தால் அறுபது சஹன், மூன்றாக என்றால் எண்பது, இரண்டாக என்றால் நூற்றிருபது, எதை வைத்தாலும் ஆள் சரியாக வரும், ஆனால் அவங்க வீட்டு வழக்கம் எது என்று கேட்டுச் சொல்லுங்க என்று நீ உன் வாப்பாவிடம் கேட்டாய். பெருக்கினா இருநூற்று நாற்பது வருதுல்ல, சமையல் பண்டாரியிடம் இருப்பது அறுபது தட்டுதான், நம்ம வழக்கம் நாலு, அது போதும் என்றார்கள் வாப்பா. பிறகு அவர்களே எல்லாரிடமும் மொத்தக் கணக்கும் என் மகள் போட்டது என்று பெருமை பேசினார்கள். நான் சொல்லியிருந்தால் வாப்பா பேர் கெட்டிருக்கும், சொல்லாததால் உன் பேர் கெட்டது. நான் படிக்கும் கதைகளில் பெண்கள் பேச வேண்டிய நேரத்தில் பேசிவிடுகிறார்கள், அவர்களுக்கு யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள்.

தலைப்பிரசவத்துக்கு உன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டதற்குப் பதில் சொல்ல, போன வெள்ளிக்கிழமை உன் மாமனாரின் அண்ணன் ஷாகுல் ஹமீது இங்கே வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று, அன்று சஹனுக்கு நாலு பேர் என்று முடிவு செய்தது மெஹராஜோட வாப்பா, அவள் உங்க வழக்கத்தைக் கேட்கத்தான் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன். உன் வாப்பா தலையைத் தூக்கவில்லை. ஷாகுல் ஹமீது டீயைக் குடித்து முடித்துவிட்டு, "யார் போட்ட கணக்கா இருந்தா என்ன? நாலு பேருக்கு ஒரு தட்டுன்னு வாழ்றீங்க, அஞ்சாவதுக்கு எங்கே இடம்? பிள்ளை எங்க வீட்டிலேயே பிறக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து உன் வாப்பா என்னோடு பேசுவதில்லை, கார்கானாப் பட்டறையில் மழைத்தண்ணீர் புகுந்ததைக்கூட உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே யாரோடும் இதைப் பற்றிப் பேசாதே. பசித்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடு, வெட்கப்படாதே, இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே, கால் வீங்கினால் உடனே டாக்டரம்மாவிடம் போ. அல்லாஹ் உனக்குச் சுகப்பிரசவம் தரட்டும், உன் பிள்ளைக்கு நீண்ட ஆயுள் தரட்டும். உன்னை அழைத்து வர எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை வாப்பா இன்று காலை ரத்து செய்துவிட்டார்கள்.

உன் உம்மா
மர்யம்